செம்மஞ்சள்

ஆள் பாதி, ஆடை பாதி.
எங்கள் தொழிலில் அந்தப் பாதி ஆள்
வழக்கமாக ஒரு பெண்.
பெட்டிக்குள் படுத்து, அறுபட்டு,
மினுங்கும் காலுறையோடு
கால்களை ஆட்டிக் காட்டுவாள்.
நான் வாள் பிடிக்கிறவள்.
எனக்கு என்ன உடுப்பு?

ஓல்ட்டனில் மரப்பாலம் தாண்டினால்
வாடகை உடுப்புக் கடை.
வெறேனா முதலில் எடுத்துத் தந்தது
வால் வைத்த கறுப்புக் கோட்டு.
பதினொரு கள்ளப் பைகள்.
சீட்டுக்கட்டுக்கு இரண்டு, முட்டைக்கு நெஞ்சில் ஒன்று,
புறாவுக்குக் கமுக்கட்டில்.
தைத்தவன் ஓர் ஆணின் தட்டை மார்பை
மனதில் வைத்துத் தைத்திருக்கிறான்.
போட்டுப் பார்த்தேன். முட்டைக்கு இடமில்லை.
வெறேனா சிரித்தாள். நானும்.

நிகழ்ச்சி பிடித்துத் தரும் சும்ஷ்டைன்
தொலைபேசியில் ஆசையாகச் சொன்னார்:
"உங்கள் நாட்டுச் சேலை கட்டுங்களேன், சிவப்பில்."
ஆறு யாருக்குள்
ஓர் ஆட்டுக்குட்டியையே ஒளிக்கலாம், உண்மைதான்.
ஆனால் சேலையோடு வந்தால்
வித்தை தொடங்குமுன்பே கைதட்டுவார்கள்.
அந்தக் கைதட்டு எனக்கு வேண்டாம்.

பிறகு என்னென்னவோ.
கண்ணாடிச் சில்லு பதித்த மயில்நீல அங்கி:
திரும்பிய பக்கமெல்லாம்
என் களவுக் கை முப்பது துண்டாகத் தெரிந்தது.
பாசிப்பச்சையில் ஒரு கப்பல்காரன் மழைக்கோட்டு,
நடந்தால் அது என்னைவிட அதிகம் கதைத்தது.
தீக்கோழி இறகு வைத்த கழுத்துப்பட்டி.
என் புறாவின் பெயர் டொக்டர்,
குடும்பத்தில் ஒருவராவது ஆகவேண்டுமே.
டொக்டர் அந்த இறகுகளைப் பார்த்து
யாரோ பெரிய இடத்து உறவினர் என்று நினைத்து
கூட்டின் மூலையில் ஒடுங்கிவிட்டார்.

வெள்ளி இரவு, பன்னிரண்டாம் மேடை.
ரயில் பெட்டி கூட்டி முடித்து இறங்குகிறேன்.
வேலைச் சட்டை செம்மஞ்சள்,
நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டி.
தூரத்தில் வரும் சாரதியின் கண்ணிலும்
குத்தவேண்டும் என்றே செய்த நிறம்.
நல்ல மேலங்கி போட்ட ஒரு மனிதர்
குடித்து முடித்த கோப்பிக் குவளையை
நான் பிடித்திருந்த பைக்குள் போட்டார்.
என் முகம் ஒரு முழத்தில் இருந்தது.
அவர் பையை மட்டும் பார்த்தார்.

அப்படியே நின்றேன்.
ரயில் ஒன்று வந்தது, போனது.
எட்டு வருடமாகக் கறுப்பு வெல்வெட்டுக்குப் பின்னால்
ஒளியப் பழகியிருக்கிறேன்.
எவ்வளவு துணி வீண்!

வெறேனாவிடம் இரண்டு மீட்டர் பட்டு மட்டும் வாங்கினேன்,
செவ்வரத்தைச் சிவப்பு, உள்பக்கத்துக்கு.
"வெளிப்பக்கம்?"
"வேலையில் தந்தது இருக்கிறது."
"அது உடுப்பே இல்லை" என்றாள்,
ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு.

காப்புறுதிக் கம்பனியின் ஆண்டு விருந்து.
நூற்றிருபது பேர், வெள்ளை மேசைவிரிப்பு.
ஏழு மணிக்குத் தும்புத்தடியோடு உள்ளே போனேன்.
மேசை மேசையாகக் கூட்டினேன்.
ஏழரைக்கு விளக்கு அணைந்தது.
அறிவிப்பாளர் என் பெயரைப் பிழையாகச் சொன்னார்.
திரை விலகியது.
மேடையில் ஒரு கதிரை,
கதிரையில் டொக்டர்,
சபைத் தலைவரின் பொறுப்போடு.

எல்லோரும் காத்திருந்தார்கள்.
யாரோ இருமினார்கள்.
பின்வரிசையில் நான் சட்டையைக் கழற்றி
உள்ளதை வெளியாக்கிப் போட்டேன்.
"உங்கள் பைகளைப் பாருங்கள்" என்றேன்.
கதிரைகள் கிறீச்சிட்டன.
சீட்டுச் சீட்டாக வெளியே வந்தது,
ஒருவரின் மணிக்கூடு
அடுத்தவரின் பாண் கூடையிலிருந்து.

கோப்பி நேரம் அந்த மணிக்கூட்டுக்காரர் வந்தார்,
மணிக்கட்டை இன்னும் தடவிக்கொண்டு.
"என் பக்கத்தில் எப்போது வந்தீர்கள்?
சத்தியமாக நான் காணவில்லை."

காலைக் கொஞ்சம் தூக்குங்கள் என்று கேட்டேனே, ஐயா.
தூக்கினீர்கள்.