அலைக்கோடு

மஹ்பூலா, நாலாவது மாடி, இரவு ஒன்றேகால்.
இல்லாத ஸ்பீக்கர் ஒன்றைக்
கணினிக்குள் நிறுவியிருக்கிறோம், தஸ்தகீரும் நானும்.
அதில் விழும் சத்தமெல்லாம் கோப்பாக வேண்டும்.

முதல் கோப்பு: பூஜ்யம் கேபி.
டிரைவரை அழித்து மறுபடி போட்டோம்.
அடுத்த கட்டிலிலிருந்து தஸ்தகீர் அழைத்தான்.
அவன் குரல் சிறுபிள்ளையாகிக் கீச்சிட்டது.
ஒரு ஜன்னலில் நாற்பத்துநாலாயிரத்து நூறு,
இன்னொன்றில் நாற்பத்தெட்டாயிரம்.
அதையும் சரிசெய்தோம்.
ஒன்று, இரண்டு, மூன்று என்றான்.
ஐந்தில் தானாகவே நின்றான்:
சம்பளம் வராத மாதங்கள்.
நான் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் மேலாளர் அழைத்தார்.
பதினோரு நிமிடம். கோப்பைத் திறந்தால்
தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்தது போல,
"ஆமாம்."
"பாக்கிதான், தெரியும்."
"யார் இல்லை என்றது?"
நான் கேட்ட இடங்களில்
அலைக்கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.
மைக்கை இதில் சேர்க்கவே இல்லை நாங்கள்.

எதற்கு ஆமாம் என்றார் என்று
லேபர் ஆபீசில் கேட்டால்?

தஸ்தகீர் ஹெட்போனைக் காதோடு அழுத்தி
சத்தத்தை முழுக்க ஏற்றினான்.
ஆறாவது நிமிடம்.
அவர் ஸ்பீக்கரில் போய் இறங்கி
அவர் மேசையைக் கடந்து
அவர் மைக்குக்குள் தவறி நுழைந்து
திரும்பி வந்திருக்கிறது,
கொசு அளவு, என் குரல்:
"சார், அஞ்சு மாசம்."

எதிரொலி நீக்க ஒரு பொத்தான் உண்டாம்.
அவர் அதை அழுத்தவில்லை.
நல்லவேளை,
செட்டிங்ஸ் பக்கம் போகிற ஆளில்லை
அவரும்.