உதடு வலிக்காத ட்ரம்பெட்

முருகன்குறிச்சி மாடியறையில்
இரவு பதினொன்றே காலுக்கு
பதினாறு வயலின்கள்
ஒரே நொடியில் வில்லை வைக்கின்றன.
மயிரிழை பிசகவில்லை.
அதுதான் கோளாறு.

பாளையங்கோட்டையில் எதுவும்
அப்படித் தொடங்கியதில்லை.
எட்டு மணி ஆராதனைக்கு
பேஸ் பாடுகிறவர்கள்
எட்டேகாலுக்குத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

ஆகவே மவுஸைப் பிடித்து
ஒவ்வொருவராக நகர்த்துகிறேன்.
மூன்றாம் வரிசைக்காரிக்குப்
பன்னிரண்டு மில்லிசெகண்ட் தாமதம்:
வண்ணார்பேட்டைப் பாலத்தடியில்
மாட்டிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம்.
அவளுக்கு அடுத்தவன் பந்திக்கு முந்துகிற ஆள்.
கடைசி நாற்காலிக்கு
ஒரு துளி சுருதி குறைத்தேன்.
பாவம், அவருக்கு வீட்டில் என்ன கவலையோ.

வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போக வேண்டும்.
உப்பளத்தைப் பற்றிய படம்,
இரண்டே முக்கால் நிமிடம்.
‘நிஜ ஆர்க்கெஸ்ட்ரா மாதிரியே இருக்கணும் சார்.’
அறுபது பேர் கேட்க வேண்டும்,
சம்பளம் ஒரு ஆளுக்கு.

ஓபோவுக்கு
ஒன்பது பார் நீளத்தில் ஒரே இழுவை எழுதியிருந்தேன்.
கணினி அலுக்காமல் வாசித்தது.
எழுந்து நின்று வெறும் வாயால் ஊதிப் பார்த்தேன்.
ஆறாவது பாரில்
கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.
அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி போட்டேன்.
அடுத்த தடவை ஓபோ மூச்சு எடுத்தது,
அல்லது
மூச்சளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது.

இரவல் சார்ஜரைத் திருப்பித் தர
சவரிராயன் வந்தான்.
மகாராஜநகர் மாப்பிள்ளை ஊர்வலம் முடித்து
பேண்ட் உடுப்போடு,
தோளில் தங்கக் கயிறு அவிழ்ந்து தொங்க.
கதவிலேயே நின்று கேட்டான்.
“யாருவே ட்ரம்பெட்டு?”
“மிஷினு.”
“அதான பாத்தேன்.
நாப்பது பாரா உச்சியிலயே நிக்கான்,
உதடு வலிக்காதாவே அவனுக்கு?”

கீழுதட்டை மடக்கிக் காட்டினான்.
உள்ளே பல் பதிந்த வரிசை,
வெளியே ஊதுவாய் பதிந்த சிவந்த பிறை.
“இன்னைக்கு ரெண்டே தெருதான்” என்றான்.
சார்ஜரை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினான்.
நாலாவது உதைக்குத்தான்
அவன் வண்டி கிளம்பியது.

ட்ரம்பெட்டில் எட்டு பார் அழித்தேன்.
ஆசையாக எழுதிய எட்டு பார்.
ஓய்வுக்குப் பிறகு வருகிற முதல் சுரத்தைக்
கொஞ்சம் கீழிருந்து தொடங்கி
எட்டுமா என்ற சந்தேகத்தோடு
மேலே ஏற்றினேன்.

பிறகு தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன்.
மூன்றாம் வரிசைக்காரி தாமதமாக வந்தாள்.
ஓபோ மூச்சு விட்டது.
அந்த எட்டு பார் வந்ததும்
கையைக் கட்டிக்கொண்டு எண்ணினேன்,
ஒன்னு ரெண்டு மூணு நாலு
ரெண்டு ரெண்டு மூணு நாலு
மூணு ரெண்டு மூணு நாலு

ஏழாவதில்
உதட்டை நனைத்துக்கொண்டேன்.