அலான்சோன், கொட்டிலின் மேல்

கீழே மாடுகள் விடும் மூச்சு
பலகை இடுக்கில் ஏறிவரும்; அதுதான் எங்களுக்குக் கணப்பு.
அடுப்பு மூட்டினால் நூல் கறுத்துவிடும்.

கில்மெத்துக்கு வலைக்கண் மட்டும்; துசேனுக்கு இதழ்;
ஓரத்துக்குக் குதிரைமயிர் வைத்துக் கட்டுபவள்
ஆற்றுக்கு அப்பால், பெயர் தெரியாது.

என் வேலை பிரிப்பது.
இரட்டைத் துணிக்கு நடுவே கத்தியை நுழைத்து
ஆறு மாதம் பிடித்திருந்த தையலை அறுப்பேன்.
எழுந்து வரும்,
எதன்மேலும் தைக்காத பூ.
பெல்லோத் அதைச் சிங்கிறால் கொடுக்கால் மினுக்குவாள்;
கடலைப் பார்த்ததில்லை அவள்.

இன்று ஓர் ஓரத்தில்
ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருந்தது.
எங்கள் குதிரைமயிர் வெள்ளை.
இது செம்பட்டை, மெலிசு.

முதலாளியம்மா கேட்டாள்: "என்ன அங்கே?"
ஒன்றுமில்லை என்றேன்,
பெயர் தெரியாதவளே,
கத்தியை வேறு பக்கம் திருப்பி.