பதிவேட்டில் ஆறாவது கட்டம்

கச்சான் மண்ணை வாரி அடித்த ராத்திரி.
மோர்ப்பண்ணை விலக்கில் வண்டி நின்றதும்
கருவாட்டு வாடையும் எருமை மூத்திர வாடையும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.
"பனிக்குடம் உடைஞ்சு ஆறு மணி நேரமாச்சு டாக்டரம்மா,
காலு ரெண்டும் தெரியுது, தலை வரமாட்டேங்குது"
என்றாள் பூமயில்.
ஐந்தாறு பேர் ஏற்கெனவே நைலான் கயிறு போட்டு
வலை இழுப்பதுபோல் இழுத்துப் பார்த்திருந்தார்கள்.
கணுக்காலில் கயிறு அறுத்த தடம்.

"கயிறை அவுங்க."

சேகு வால்மூட்டில் மயிர் மழித்து
மரப்பூசிக்கு இடம் துடைத்தான்.
சற்று நேரத்தில் வால் தொய்ந்தது. முக்கல் அடங்கியது.

கை மட்டும் உள்ளே போகும் வேலை இது.
கண் வெளியிலேயே நின்றுவிடும்.
எருமைத் தொடையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு
எதிரே ஆடும் கருவேல முள்ளைப் பார்த்தபடி
விரலால் தேடுகிறேன்.
குளம்பு. முழங்கால். மோவாய்.
மூக்குத் துளை இரண்டு. கண்குழி.
அதற்கு மேல் நெற்றி இருக்க வேண்டும்.
எலும்பில்லை.
தண்ணீர் முட்டிய தோல்
அமுக்கிய விரலைத் திருப்பித் தள்ளியது.

குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு
வண்டித் தண்ணீர் வாங்கும் தெருவில்
இது ஒன்று மட்டும்
பத்து மாதமாய்த் தலையில் சேர்த்து வைத்திருக்கிறது.

வழி தெரியும்.
குத்து, வடி, மண்டை சுருங்கும், இழு.
வராவிட்டால் அறுக்கும் கம்பி.
அதற்கும் மசியாவிட்டால் தாயின் விலாவைத் திறக்க வேண்டும்.

"தோலு கிழியாம எடுத்துத் தாங்கம்மா" என்றாள் பூமயில்.
"வைக்கோல் திணிச்சு முன்னாடி நிறுத்துனாத்தான்
இவ பால் இறக்குவா.
குழுக் கடன் இன்னும் பதினாலு தவணை கெடக்கு."

செத்துத்தான் போயிருக்கும் என்று
எல்லாரும் பேசி முடித்திருந்தார்கள். நானும்தான்.
வழக்கத்துக்காக வாய்க்குள் விரலை விட்டேன்.

சப்பியது.

ஒரு தடவை. விட்டு, இன்னொரு தடவை.
பால் என்று நினைத்திருக்கும்.
நினைக்க அந்தத் தலைக்குள் ஏதாவது மிஞ்சியிருந்ததா,
தெரியவில்லை.

சேகு என் முகத்தைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல்
நீள ஊசியை எடுத்து நீட்டினான்.

முனையை உள்ளங்கைக்குள் ஒளித்து
தாயின் சதையில் படாமல் கொண்டுபோனேன்.
வெதுவெதுப்பாக வந்தது, முழங்கை வழியே,
செருப்பு நனைய.
அரை வாளி இருக்கும்.
இருட்டில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள்.
அதற்குப் பிறகு எளிதாக இருந்தது.
அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

கிடேரி.
காது, இமை, குளம்பு எல்லாம் அச்சுப்போல.
நெற்றி மட்டும் வற்றிய பை.
நெஞ்சில் கை வைத்தேன்.
வைத்தே இருந்தேன்.

செல்போன் வெளிச்சங்கள் கிட்டே வந்தன.
"போங்கடா அங்கிட்டு" என்று கத்தினேன்.
இங்கே வேலைக்கு வந்து நாலு வருஷத்தில்
முதல் தடவை 'டா' போட்டது.

எருமை தலையைத் திருப்பி
சரிந்த நெற்றியை நக்கத் தொடங்கியது.
நக்க நக்கத் தோல் மடிந்து மடிந்து நகர்ந்தது.
அதற்கு அது குறையாகப் படவில்லை.

கருப்பைக்குள் மாத்திரை, நஞ்சு விழ ஊசி.
சினை ஊசி போட்ட காளையின் எண்ணைக் கேட்டுக் குறித்து
"இதை இனிமே போட வேணாம்" என்றேன்.

பதிவேட்டில் ஆறாவது கட்டம்:
கன்று, உயிருடன் / இறந்து.
காற்று தாளைப் புரட்டப் பார்த்தது.
சேகு கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டான்.

"உள்ளயே செத்துருச்சாம்மா?"

"ஆமா, உள்ளயே."

கொஞ்ச நேரம் விளக்கைப் பிடித்து நின்றவள்
"தோலு தேறுமா?" என்றாள்.

தேறும்.
ஒரே ஒரு ஓட்டைதான்.
ஊசி போகிற அளவு.
தைத்துக்கொள்ளலாம்.