பலகையின் தமிழ்ப் பக்கம்

மனாமாவில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில்
சபைக்குச் சொந்தமான மூன்று மாடி.
கீழே கைக்கடிகாரம், சூட்கேஸ், அபாயா, பணம் அனுப்பும் கடை.
நடுவில் உணவுக்கூடம்.
மேலே ஆராதனை மண்டபம், ஆறு மொழிக்கு ஆறு நேரம்.
கீழ்மாடி வாடகையில்தான் மேல்மாடிக்குக் குளிர்.
நான் இரண்டாம் வாசல் காவல்.

செயலர் ஐப் சார் ஒரு தாளை நீட்டினார்.
உன் ஆட்கள்தான் அதிகம் உட்காருகிறார்கள்,
நீ பன்னிரண்டு படித்தவன்தானே,
தமிழில் போட்டுக் கொடு.

நடத்தை விதிகள். பதினொன்று.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்: எளிது.
தரையில் அமரக் கூடாது: எளிது.
அதை நான் தரையில் அமர்ந்துதான் எழுதினேன்,
என் கட்டிலில் அப்போது
இரவு ஷிப்ட்காரன் தூங்கிக்கொண்டிருந்தான்.
துண்டுத்தாள் கொடுக்கக் கூடாது,
யாரையும் யார் சாமிக்கும் அழைக்கக் கூடாது.
நோன்பு மாதத்துப் பகலில்
தண்ணீர்ப் புட்டி வெளியே தெரியக் கூடாது.

ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டேன்.
லாய்ட்டரிங்.

திரிதல் என்று எழுதினேன். மாடு போலிருந்தது.
அலைதல். பேய்.
வெட்டியாக நிற்பது என்றால்
ஆறு நாள் சென்ட்ரிங் அடித்தவன் என்னை அடிப்பான்.
சும்மா நிற்கக் கூடாது என்று எழுதி
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சும்மா இருப்பது எங்கள் பக்கம் சித்தர் வேலை.
சும்மாதான் வந்தேன் என்று சொல்லி
அடுத்த வீட்டில் சோறும் தின்னலாம்.
அதை எப்படிக் குற்றமாக்குவது?

கடைசியில் போட்டேன்:
காரணமின்றி இங்கு நிற்கக் கூடாது.
அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறி
பாதி எழுத்து நொண்டியது.
ஒன்பதாவது மட்டும் பிழையில்லாமல் வந்தது.

முதல் வெள்ளி.
வெளியே நாற்பத்தாறு.
சல்மாபாத் கேம்பிலிருந்து வந்த மாடக்கண்ணு
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தான்.
"அப்ப, காரணம் இருந்தா நிக்கலாமில்ல?"
நானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.
நிற்கலாம்.

கேம்பில் ஏசி செத்து மூன்று நாள், என்றான்.

சலாவுதீன் சொன்னது:
புது மாப்பிள்ளை ஒருத்தன் வீடியோவில் பேசுகிறான்,
அறையை ஒரு மணி நேரம்
அவனுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறோம்,
ஏழு பேரும் எங்கே போக?

ரிஃபாவில் வீட்டுவேலை பார்க்கும் பாக்கியவதிக்கு
வாரத்தில் இரண்டு மணி நேரம் சொந்தம்.
"யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு இடத்துல
நிக்கணும் தம்பி. இதான் காரணம். போதுமா?"
போதும் என்றேன்.

கடிகாரக் கடைக் கண்ணாடி முன்
மரியசூசை நின்றிருந்தான்.
அவன் விசா முடிந்தது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவனுக்கும் தெரியும்.
அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
உள்ளே எல்லாக் கடிகாரமும் பத்தேகால் காட்டின.

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
இரண்டாம் வாசல்.
காரணமின்றி நின்றவர் எவருமில்லை.
ஐப் சாருக்குச் சந்தோஷம்.
பலகை வேலை செய்கிறதே என்றார்.

மேல்மாடிச் சுவரில் ஒரு வசனம் இருக்கிறது,
சுமப்பவர்களை இளைப்பாறக் கூப்பிடும் வசனம்.
அந்தத் தமிழை எனக்கு முன்னால்
யாரோ போட்டிருக்கிறார்கள்.
நல்ல கை. எங்கும் திணறவில்லை.
லிப்ட் அந்த மாடிக்கு
ஆராதனை நேரத்தில் மட்டும்தான் போகும்.
அது விதி நான்கு.

பத்து மணிக்குத் தொப்பியைக் கழற்றினேன்.
அறையில் கட்டில் காலியாக இன்னும் நேரமிருந்தது.
பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்,
குளிர் நேராகப் பிடரியில் விழும் இடம்.
என் இடத்துக்கு வந்த தில்பகதூர்
சட்டையில் பட்டையில்லாத என்னைப் பார்த்து
புருவத்தைத் தூக்கினான்.

சும்மா, என்றேன்.
தமிழில்தான் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு
அடுத்த ஆளை விசாரிக்கப் போனான்.