எடைமேடைக் குறிப்பு

கோலக்கெட்டில் செம்பனை ஆலையில்
லாரிக்கு எடை போடுகிறவள் நான்.
குலையோடு வரும்போது ஒரு கணக்கு,
வெறுமையாய்த் திரும்பும்போது ஒரு கணக்கு.
பதினோரு வருடத்தில்
ஒரு கிலோ தவறியதில்லை.

என் வயிற்றுக்குத்தான் கணக்கில்லை.
உள்ளே போனது தெரியும்:
ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தே ஓ,
பத்துக்கு நின்றபடி பாதி ரொட்டி சானாய்,
மத்தியானம் என்பது சில நாள் மூன்று மணி,
சில நாள் ஒரு பாக்கெட் முறுக்கு.
வெளியே போனது
திங்களா வியாழனா, ஞாபகமில்லை.

கேஸ்திரிக் என்றார்கள்.
இந்த ஊரில் கேஸ்திரிக் இல்லாதவர் யார்?
மளிகைக்கடை தவசீலன்
நுரைக்கிற பாக்கெட்டை நான் கேட்குமுன்னே
எடுத்து வைத்துக் கடனில் எழுதிக்கொள்வார்.
பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி
ஓமம் வறுத்துத் தந்தாள்.
பாய்லர்காரர் ஹாஷிம்
தொப்புளைச் சுற்றித் தைலம் தடவச் சொன்னார்;
தடவினேன்.
மேலெல்லாம் ஜாதிக்காய் மணம்,
உள்ளே அதே கல்.

அரசாங்க கிளினிக்கில் நாற்பத்தேழாம் எண்.
மிஸி ஒரு சின்னக் குப்பி கொடுத்தார்,
மூடியிலேயே கரண்டி.
மறுநாள் அதை பிஸ்கட் டின்னில் வைத்து
பஸ்ஸில் கொண்டுபோனேன்,
மடியில் பிரசாதம்போல் பத்திரமாய்.
பக்கத்து சீட்டுக்காரர்
"முறுக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

டாக்டர் லோ சின்னப்பெண்.
மலாயில் கேட்டாள், மலாயில் பதில் சொன்னேன்,
கூச்சம் மட்டும் தமிழில் இருந்தது.
குப்பியில் ரத்தம் இல்லை, பயப்படாதே.
கீரை எவ்வளவு, பழம் எவ்வளவு?
நார் வேண்டும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் ஆலையே நாரில்தானே ஓடுகிறது!
எண்ணெய் பிழிந்த சக்கையைப்
பாய்லரில் போட்டுத்தான் ஆவி எழுப்புகிறோம்.
குப்பை என்று நினைப்பதுதான்
உள்ளே எல்லாவற்றையும் நகர்த்துகிறது.

பிறகு கேட்டாள்:
ஒரு நாளைக்கு எத்தனை குவளைத் தண்ணீர்?
ஒன்று.
ஏன்?

அந்த ஏனை
இதுவரை யாரும் கேட்டதில்லை.

எடைமேடைக்குப் பின்னால் ஒரே கழிவறை.
லாரிக்காரர்களுடையது. தாழ்ப்பாள் கிடையாது.
ஆபிஸ் கழிவறைக்குப் பூட்டு;
சாவி மானேஜரின் இழுப்பறையில்.
எதற்கென்று அவரிடம் போய்ச் சொல்வது?
ஆகவே குடிப்பதில்லை.
வந்தாலும் அடக்குவேன்.
அடக்க அடக்க
வயிறு கூப்பிடுவதையே விட்டுவிட்டது,
எத்தனை அழைத்தும் திரும்பாத தாயைக்
கூப்பிடாமல் விடும் பிள்ளைபோல.

மாத்திரை எழுதிவிட்டு
பேனாவை மூடினாள் டாக்டர்.
"வசந்தமலர், இதில் பாதி நோய்
உன் வயிற்றில் இல்லை."

புதன்கிழமை மானேஜர் முன் நின்றேன்.
சாவி வேண்டும்.
எதற்கு?
பதினோரு வருடம் தொண்டையில் நின்ற சொல்
சட்டென்று இறங்கி வந்தது:
கழிவறைக்கு. தினமும்.
சிவந்தது அவர் காதுமடல்,
என்னுடையது இல்லை.

இப்போது கங்குங் வதக்குகிறேன்,
பப்பாளி இருந்தால் ஒரு துண்டு,
சோற்றை மென்று தின்ன இருபது நிமிஷம்.
தே ஓவை விட முடியவில்லை,
சோற்றுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறேன்.
எரிச்சல் முழுக்கப் போகவில்லை;
நோன்புப் பெருநாள் ரெண்டாங்கை
யார் வேண்டாம் என்பார்கள்?

சாவி என் கழுத்து அட்டையோடு தொங்குகிறது.
கென்டீன் ரோகாயா வந்து கை நீட்டுவாள்.
ஆய்வுக்கூடத்துப் புதுப்பெண்ணும்.
எதற்கென்று நான் கேட்பதில்லை.

நேற்று மேடையடியில் மூன்று லாரி.
முதல் லாரி ஹாரன் அடித்தது,
பின்னாலேயே மற்ற இரண்டும்.
வயிறு ஒரே ஒருமுறை, மெதுவாய்க் கூப்பிட்டது.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.