தொட்டித் தண்ணீர்

கானாடுகாத்தான் விடுதிக்குப் போன வருஷம் வந்த படகு,
எட்டு மாதமாக என் டிராக்டர் ஷெட்டில்.
கூடவே நீளமாய் ஒரு கயிறு:
வெளிநாட்டார் அதைப் பிடித்துக்கொண்டு
கண்மாய்மேல் வழுக்கிப் போவார்களாம்.
தையில் இரண்டு பேர் போனார்கள்.
மூன்றாமவர் தாமரைக் கொடிக்குள் விழுந்தார்.

இன்று பிளக்கைக் கழற்றினேன். கரி.
புகைவாயில் குளவி கட்டிய மண்வீடு,
உள்ளே காய்ந்த பச்சைப் புழு நான்கு.
கியர் ஆயில் காப்பி நிறத்தில் இறங்கியது,
எங்கோ சீல் போயிருக்கிறது.
பம்பின் ரப்பர்ச் சக்கரத்தில் ஆறு இதழ்,
ஆறும் கடைசியாய்ச் சுற்றிய பக்கமே சாய்ந்து
விறைத்துக் கிடந்தன.
புதுசு வர ஒன்பது நாள். மதுரையில் இல்லை, கொச்சியிலிருந்து.

தேனம்மை மேனேஜர் தினமும் கூப்பிடுகிறார்:
"மார்கழி இருபதுக்கு ரூமெல்லாம் புக்காயிருச்சு."

கார்த்திகை பாதி.
கண்மாயில் கொக்குக்கு முழங்கால்.

வாய் வெட்டிய நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி
என்ஜினின் காலை அதற்குள் இறக்கினோம்.
டிராக்டர் பேட்டரியைக் கடன் வாங்கிச் சாவியைத் திருகினால்
இருமியது,
இருமியது,
பிறகு ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம்.
பக்கத்துத் துளையில் நூலாய்த் தண்ணீர் பீய்ச்ச
ஆரோக்கியம் அதில் விரல் வைத்து, "சூடு அண்ணே" என்றான்.
பீப்பாய்த் தண்ணீர் பாதி எங்கள் மேல்.

போனில் சத்தத்தைக் கேட்டுத் தேனம்மை,
"அப்ப ஓடுமா?"

ஓடும் என்றேன்.
அணைத்த பிறகும் பீப்பாய்க்குள் மிச்சத் தண்ணீர்
ஒரு வேப்பிலையை வைத்துச்
சுற்றிக்கொண்டிருந்தது.